கோட்டைக்குள் ஒரு மரமாளிகை



பெங்களூரில் வாழும் தமிழர்களாகிய நம்மில் பலர், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் செல்லக் கலாசிபாளையத்தில் பேருந்து ஏறுகிறோம். மூட்டை முடிச்சுகளோடும் குழந்தைகளோடும் நாம் நிற்கும் அவ்விடத்திற்கு மிக அருகிலேயே, திப்பு சுல்தானின் கோடை மாளிகை இருக்கிறது. மைசூர் அரண்மனையைக் காண முழுநாள் பயணம் மேற்கொள்ளும் நாம், காலடியில் இருக்கும் இம்மாளிகையைக் கடந்து சென்றுவிடுகிறோம். அதனைக் காண ஒரு காலைப்பொழுதை ஒதுக்குவது பற்றியே இன்று பேசுவோம்.

பழைய மாளிகையொன்றைக் காணச் செல்வோர் இருவகை ஆயத்தம் செய்தல் வேண்டும். ஒன்று கால்களுக்கு, மற்றொன்று கருத்துக்கு.

கால்களுக்கான ஆயத்தம் எளிது. கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால், எஞ்சிய இடங்களை நடந்தே காணலாம். முதலில் கோட்டையின் தில்லி வாயிலைப் பாருங்கள். 1537-இல் கெம்பே கௌடர் எழுப்பிய மண்கோட்டையை 1761-இல் ஹைதர் அலி கற்கோட்டையாக்கினார். அதில் இன்று எஞ்சியிருப்பது சிறு பகுதியே. அடுத்து மாளிகைக்குச் செல்லுங்கள், நுழைவுச்சீட்டு உண்டு. அதனை ஒட்டியே கோட்டை வேங்கடரமணர் ஆலயம் இருக்கிறது. அது மைசூர் உடையார்கள் காலத்தில், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. வெயில் ஏறுமுன் சென்றால் மூன்றையும் அமைதியாகக் காணலாம்.

மாளிகை இரண்டடுக்கு உடையது. அதன் அழகெல்லாம் தேக்கு மரத்தில் அமைந்தது. கல்லாலான அடிப்பீடங்களின் மேல் மரத்தூண்கள் உயர்ந்து, வளைவுகளைத் தாங்கி நிற்கின்றன. மேல் மாடத்தில் அமர்ந்து சுல்தான் அவை நடத்தினார். சுவர்களில் தீட்டிய பூவேலைகள் மங்கியிருந்தாலும், ஆங்காங்கே அவற்றின் சாயல் தெரியும்.

இம்மாளிகையை இன்பத்தின் உறைவிடம் என்றும், சொர்க்கமும் பொறாமை கொள்வது என்றும் அங்குள்ள பாரசீகக் கல்வெட்டு புகழ்கிறது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இத்தொடர் ஒரு நல்ல பயிற்சி. 'பொறாமை' என்று நேராகப் பெயர்த்தால் தமிழ்ச் செவிக்குச் சற்றே உறுத்துகிறது. 'விண்ணகமும் நாணும் மாளிகை' என்றால் நம் மரபுக்கு இசைகிறது. ஆனால், 'இன்பத்தின் உறைவிடம்' என்பதனைப் பெயர்ப்பதில் உள்ள இடர்ப்பாடு சொல்லில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது. கருத்துக்கான ஆயத்தம் வேண்டுவது இங்கேதான்.

மாளிகைப் பணி 1781-இல் தொடங்கியது. அவ்வேளையில் அதனைத் தொடங்கிய ஹைதர் அலி எங்கிருந்தார்? நம் தமிழ் மண்ணிலே போர் புரிந்துகொண்டிருந்தார்! 1780-இல் செங்கம் கணவாய் வழியாக அவர் படை இறங்கியது. வட தமிழகத்தின் எத்தனையோ சிற்றூர்கள் தீக்கிரையாயின. 1781 ஜூலை முதல் நாள் பரங்கிப்பேட்டையில் ஆங்கிலேயரிடம் ஹைதர் தோல்வியுற்றார். 1782 டிசம்பரில், சித்தூர் அருகே பாசறையிலேயே உயிர் நீத்தார். தாம் தொடங்கிய மாளிகை நிறைவுற்றதை அவர் காணவில்லை.

எனினும், தமிழகம் முழுவதற்கும் அவர் பகைவராக இருந்தாரல்லர். நாடிழந்து விருப்பாட்சியில் தங்கியிருந்த வேலு நாச்சியார், 1780-இல் சிவகங்கையை மீட்டது ஹைதரின் துணையோடுதான். ஒரே ஆண்டில், ஒரே மன்னர், தமிழகத்தின் ஒரு பகுதிக்குத் துயரமாகவும் மற்றொரு பகுதிக்குத் துணையாகவும் விளங்கினார்.

திப்பு சுல்தான் மாளிகையை நிறைவு செய்த ஆண்டு 1791. அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலேயே காரன்வாலிசின் படை பெங்களூர்ப் பேட்டையைத் தாக்கிப் பிடித்தது. 21-ஆம் நாள் கோட்டையும் வீழ்ந்தது. பத்தாண்டுகளுக்கு முன் நம் சிற்றூர்கள் பட்ட துன்பத்தைப் பெங்களூர் மக்கள் அப்போது பட்டனர். 1792-இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி பெங்களூர் திப்புவிடம் திரும்பியது. பாராமகாலும் திண்டுக்கல்லும் ஆங்கிலேயர் வசமாயின. 1799-இல் சீரங்கப்பட்டினத்தில் திப்பு வீழ்ந்தபின், அவர் மக்கள் காவலில் வைக்கப்பட்டது நமது வேலூர்க் கோட்டையில்.

அதன்பின் மாளிகையில் அரசு அலுவலகங்கள் குடியேறின. அவை 1868-இல் அட்டாரா கச்சேரிக்கு மாறின. பதினெட்டு அலுவலகங்கள் என்பது அப்பெயரின் பொருள். கச்சேரி என்றதும் வீணையும் மிருதங்கமும் நம் நினைவுக்கு வரலாம். அக்காலத்தில் அச்சொல் அலுவலகத்தையே குறித்தது. அச்செந்நிறக் கட்டடம் இன்று கர்நாடக உயர்நீதிமன்றம்.

ஆகவே நேயர்களே, இம்மாளிகை நமக்கு அயலார் வீடன்று. செங்கமும் பரங்கிப்பேட்டையும் திண்டுக்கல்லும் வேலூரும் அதன் கதையில் இடம்பெற்றிருக்கின்றன. திப்பு சுல்தானைப் பற்றி மாறுபட்ட கருத்துகள் இன்றும் உண்டு. முடிவொன்றைக் கையிற்கொண்டு உள்ளே நுழைவதினும், இந்த ஆண்டுகளை நினைவிற்கொண்டு நுழைவது நன்று. மலைக்கு மேலேயும் கீழேயும் வாழ்ந்த எளிய மக்கள் ஒரே போரின் துன்பத்தைப் பகிர்ந்துகொண்டனர் என்பது அப்போது விளங்கும்.

செல்லும்போது குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். அண்டை வீட்டுக் கன்னட அன்பரையும் உடன் வருமாறு வேண்டுங்கள். தம் பாட்டனாரிடம் கேட்ட கதையை அவர் சொல்லட்டும். நம் ஊரில் கேட்ட கதையை நாம் சொல்வோம். இரண்டையும் குழந்தைகள் கேட்கட்டும்.