பெயர் தெரியாத பெண்



இங்கிலாந்தின் அரச சேகரிப்பிலே, வின்சர் கோட்டையில், ஏறத்தாழ 80 முகச்சித்திரங்கள் உள்ளன. எட்டாம் ஹென்றி மன்னனின் அவையினரையும் அவர்களைச் சார்ந்தோரையும் ஹான்ஸ் ஹோல்பைன் என்னும் ஜெர்மானிய ஓவியர் நேரில் அமர்த்தி வரைந்தவை அவை. 1526இல் முதன்முறை இங்கிலாந்து சென்ற அவர், 1532இல் மீண்டும் வந்து, 1543இல் இலண்டனிலேயே காலமானார்.

இச்சித்திரங்களுட் சில, இன்னாரென்று அறியப்படாத பெண்களுடையவை. இளஞ்சிவப்புப் பூச்சிட்ட தாளிலே வர்ணச் சோக்காலும் மையாலும் முகம் எழுகின்றது. கண்ணிமையிலும் உதட்டோரத்திலும் ஓவியர் பொறுமையாக நின்றிருக்கிறார். உடையையோ சில கோடுகளோடு விட்டுவிடுகிறார். காரணம் எளிது. இவை பின்னர் தீட்டவிருந்த ஓவியங்களுக்கான ஆயத்தங்கள். சில தாள்களிலே துணியின் வகையையும் நிறத்தையும் ஜெர்மன் மொழியிற் குறித்தும் வைத்தார். உடையைச் சொல்லால் எழுதி வைக்கலாம். முகத்தை வரைந்துதான் ஆகவேண்டும்.

அப்படியானால், பெயர்கள்? இன்று தாள்களிற் காணப்படும் பெயர்கள் 18ஆம் நூற்றாண்டிலே பழைய குறிப்பொன்றைப் பார்த்து எழுதப்பட்டவை. அக்குறிப்புக்கு மூலம், இளவரசர் எட்வேர்ட்டின் ஆசிரியர் ஜோன் சீக் என்பர். அவர் அரசவைக்கு வந்தது 1544இல்; ஓவியர் இறந்த மறு ஆண்டு. ஆன் பொலின் அரசி என்று பெயரிட்ட தாளொன்று உண்டு. அவர்தானா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெயருள்ள பெண்களிலே பலர் 'ஓட்லி சீமாட்டி', 'பட்ஸ் சீமாட்டி' என்று கணவரின் பெயராலேயே குறிக்கப்படுகின்றனர். பெயரற்றவளுக்கு அந்த இரவற் பெயரும் இல்லை. வேறுபாடு அவ்வளவே.

நமது அகப்பாடல்களிலும் தலைவிக்குப் பெயரில்லை. ஆனால் அது புலவர் விரும்பி மேற்கொண்ட மரபு. இவளின் பெயரின்மை எவரும் விரும்பியதன்று. எழுதிவைக்க வேண்டுமென்று எவருக்கும் தோன்றாமையால் நேர்ந்த இழப்பு. அதை அழகென்று போற்றுவதற்கில்லை.

ஆயினும் ஓர் உண்மை எஞ்சுகின்றது. ஆன் பொலின் என்ற பெயரை வாசித்ததும், 1536இல் அவர்மீது வீழ்ந்த வாளையே அம்முகத்தில் தேடுகிறோம். பெயரற்றவளிடம் தேடுவதற்குக் கதை எதுவுமில்லை. முகத்தையே பார்க்க நேர்கின்றது. அன்று தம்முன் அமர்ந்திருந்தவளை ஹோல்பைன் பார்த்ததும் அவ்வாறே. அந்த ஒரு வேளை அவள் முழுமையாகக் கவனிக்கப்பட்டாள். அதற்குச் சான்று அத்தாளிலே இருக்கின்றது.