மீக்கணினிக் கதவைத் தட்டுக!

(அம்பத்தூரில் தமிழ் இளைஞர்களிடை ஆற்றப்பெற்ற உரை)



இரந்து பெறுவோனுக்கு ஈவோன் இட்டதே சட்டம். மீக்கணினியின் வரலாறு இவ்வுண்மையை நன்கு காட்டும். 1980களில் இந்திய அறிவியலாளர் ஆற்றல் மிக்க கணினி வேண்டி அமெரிக்காவின் வாயிலில் நின்றனர். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்திற்கு அது மறுக்கப்பட்டது. வானிலை ஆய்வுக்கென ஒரு 'கிரே' கணினி கிடைத்தது. அதுவும் கேட்டதினும் ஆற்றல் குறைந்தது. இன்ன பணிக்கே பயன்படுத்த வேண்டும் என்னும் கட்டுப்பாட்டொடு வந்தது.

அம்மறுப்பே ஊக்கமாயிற்று. உயர்நிலைக் கணிப்பு வளர்ச்சி நடுவம் 1988-இல் புனேயில் தோன்றியது. 1991-இல் 'பரம் 8000' உருவாயிற்று. அதன் அடிப்படை எளிது. பெருங்கணக்கு ஒன்றைப் பல கூறாக்கிப் பல செயலிகளிடம் ஒரே நேரத்தில் ஒப்படைப்பதே அது. நடவுப் பெண்டிர் பலர் வரிசையாய் இறங்கி ஒரே பொழுதில் வயலை முடிப்பதை ஒக்கும். 2004-இல் சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தார், 144 கணினிகளைப் பிணைத்துக் 'கப்ரு' என்னும் தொகுதியை அமைத்தனர். அஃது உலகின் முதல் 500 கணினிகளின் வரிசையில் இடம்பெற்றது.

2022 மே 25-இல் திருச்சிராப்பள்ளித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 'பரம் பொருள்' இயங்கத் தொடங்கியது. நொடிக்கு 838 இலக்கங் கோடி கணக்குகளைச் செய்யும் ஆற்றலுடையது அது. 'பொருள்' என்பது திருக்குறட் பால் ஒன்றன் பெயர்.

பெயரில் தமிழ் உண்டு. பயனில் தமிழ் மாணவனுக்குப் பங்குண்டா? அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் உழைப்பவரின் மகன், ஆவடிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பொறியியல் பயில்கின்றான். ஊர்தித் தகட்டில் வெப்பம் பரவும் முறையை ஆய்கின்றான். அவன் மடிக்கணினியோ நாள்கணக்கில் உழன்று நின்றுவிடுகின்றது. 2015-இல் இசைவு பெற்ற தேசிய மீக்கணினித் திட்டத்தின் கணினிகளைப் பிற நிறுவன ஆய்வாளரும் வேண்டுகை விடுத்துத் தொலைவிலிருந்தே பயன்படுத்த இடமுண்டு. இதனை அவனுக்குச் சொல்வார் இலர். வழிகாட்டிகளோ ஆங்கிலத்தில் உள்ளன. அறியாமை பூட்டிய கதவு, அயலான் பூட்டிய கதவினும் வலிது!

செய்யத்தக்கன மூன்று. கல்லூரி ஆசிரியர் தம் மாணவர் பொருட்டு வேண்டுகை எழுதுக. கணக்கைக் கூறாக்கும் கலையைப் பாடமாகக் கற்பிக்க. தமிழறிஞரும் கணினிப் பொறியாளரும் ஒருங்கமர்ந்து தமிழில் வழிகாட்டி நூல் ஆக்குக. செயலி, நினைவகம், பிணையம் என்னும் சொற்கள் முன்னரே உள. எழுதும் கைகளே இல.

அயலார் அடைத்த கதவை 1991-இலேயே உழைப்புத் திறந்துவிட்டது. தன் வீட்டுக் கதவையே தட்டாது நிற்பின், அது யார் குற்றம்?