கதவைத் தட்டியவர்கள்

தங்கள் வரலாற்று ஆசிரியரின் நினைவாக, அவரிடம் படித்த மாணவர்கள் கைக்காசு போட்டு நிறுவிய அறக்கட்டளை இது. ஓய்வு பெறும் வரை அவர் விரும்பி நடத்திய பாடம் 1945க்குப் பிந்தைய உலக வரலாறு. ஆகவே பெர்லின் சுவரைப் பற்றியோ கியூபா நெருக்கடியைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் பேச எடுத்துக்கொண்டது பெரியம்மை ஒழிந்த வரலாற்றை. போருக்குப் பிந்தைய உலகில் நடந்தவற்றுள் இதற்கு ஈடான நிகழ்ச்சி வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

என் பாட்டிக்கு முகமெல்லாம் அம்மைத் தழும்பு. ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. ஏழு வயதில் அவருக்கு அம்மை பார்த்தது; அதே மாதத்தில் அவருடைய தம்பிக்கும் பார்த்தது. தம்பி பிழைக்கவில்லை. 'செத்துப்போனான்' என்று பாட்டி ஒருநாளும் சொன்னதில்லை. 'ஆத்தா எடுத்துக்கிட்டா' என்பார். வாசலில் வேப்பிலை செருகியதும், வீட்டில் தாளிக்காமல் சமைத்ததும், தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை வெளியாள் ஒருவரும் படி ஏறாததும் அவர் சொல்லி நாங்கள் கேட்டவை. அந்தக் கட்டுப்பாடுகளை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. நோயாளியைத் தனிமைப்படுத்தும் அறிவு அதற்குள் இருந்தது. அந்த அறிவே கடைசியில் பெரியம்மையை வீழ்த்தியது என்பதைச் சற்று நேரத்தில் சொல்கிறேன்.

20ஆம் நூற்றாண்டில் மட்டும் பெரியம்மைக்குப் பலியானவர்கள் ஏறத்தாழ 30 கோடிப் பேர் என்பது மதிப்பீடு. இரண்டு உலகப் போர்களிலும் மாண்டவர்களைக் கூட்டினாலும் இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வராது. இத்தனைக்கும் இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் தடுப்பு முறையைக் கண்டுபிடித்தது 1796இல். மருந்து கையில் இருந்தும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் சாவு தொடர்ந்தது.

உலகத்திலிருந்தே இந்த நோயை ஒழித்துவிடலாம் என்ற திட்டத்தை 1958இல் முன்வைத்தவர் சோவியத் ஒன்றியத்தின் துணைச் சுகாதார அமைச்சர் விக்டர் ஜ்தானோவ். உலக சுகாதாரப் பேரவை அந்த ஆண்டு கூடிய இடம் அமெரிக்காவின் மின்னியாபொலிஸ். 1949இல் உலக சுகாதார நிறுவனத்தை விட்டு வெளியேறிய சோவியத் நாடு, திரும்பி வந்து அதிக நாள் ஆகவில்லை. பனிப்போர் முற்றியிருந்த நேரம். ஜ்தானோவ் அமெரிக்க மண்ணில் நின்று, அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த ஜெபர்சன் 1806இல் ஜென்னருக்கு எழுதிய கடிதத்தை எடுத்துக்காட்டிப் பேசினார். 2.5 கோடி முறை போடத்தக்க உலர்மருந்தைத் தம் நாடு தரும் என்றார். அடுத்த ஆண்டே தீர்மானம் நிறைவேறியது. பணம்தான் வரவில்லை.

1966இல் ஆண்டுக்கு 24 லட்சம் டாலர் ஒதுக்கும் கோரிக்கை வாக்கெடுப்புக்கு வந்தபோது, தேவைக்கு மேல் இரண்டே வாக்குகளில் அது தப்பியது. நிறுவனத்தின் தலைமை இயக்குநருக்கே நம்பிக்கை இல்லை. தோற்றால் பழி அமெரிக்காவின் தலையில் விழட்டும் என்றுதான் ஓர் அமெரிக்கரைத் தலைமைப் பொறுப்புக்குக் கேட்டு வாங்கினார் என்று, அப்படி நியமிக்கப்பட்ட டி.ஏ. ஹெண்டர்சனே பின்னாளில் எழுதியிருக்கிறார். 1967இல் வேலை தொடங்கியபோது 31 நாடுகளில் பெரியம்மை நிலைகொண்டிருந்தது.

இங்கே ஒரு சின்னப் பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் இடது கையில் இரண்டு வட்டத் தழும்புகள் இருக்கின்றன. இந்த அவையில் 1975க்கு முன் பிறந்த பலருக்கும் இருக்கும். அப்போதெல்லாம் அம்மைப்பாலைத் தோலில் தடவி, பல் வைத்த ஒரு வட்டக் கருவியை அதன்மேல் அழுத்தித் திருகுவார்கள். ரணமாகும். அம்மை குத்த ஆள் வருகிறார் என்றால் பிள்ளைகள் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிவதற்குக் காரணம் அந்தத் திருகல்தான். 1960களில் பெஞ்சமின் ரூபின் என்ற அமெரிக்க ஆய்வாளர் வேறொரு ஊசியைச் செய்தார். தையல் ஊசியின் காதை மேற்பக்கம் அறுத்துவிட்டால் முனை இரண்டாகப் பிளந்து நிற்கும் அல்லவா, அதே வடிவம். மருந்தில் தோய்த்து எடுத்தால் பிளவுக்கு நடுவே ஒரு துளி தங்கும். அதைக்கொண்டு 15 முறை தோலில் குத்தினால் போதும். முன்பு ஒருவருக்குச் செலவான மருந்து இப்போது நான்கு பேருக்குக் காணும். கொதிக்கவைத்து மறுபடி மறுபடி பயன்படுத்தலாம். சில நிமிடப் பழக்கத்தில் எவரும் கற்றுக்கொள்ளலாம். உரிமை வைத்திருந்த வையத் நிறுவனம் உலக சுகாதார நிறுவனத்திடம் காப்புரிமைத் தொகை வாங்கவில்லை.

ஊசி சிறந்ததுதான். ஆனாலும் ஊசி மட்டும் இருந்திருந்தால் பெரியம்மை இன்னும் நம்மிடையே இருந்திருக்கும்.

1966 டிசம்பரில் கிழக்கு நைஜீரியாவில் வில்லியம் ஃபேகி என்ற இளம் மருத்துவரிடம் ஊருக்கெல்லாம் போட மருந்து இல்லை. கையில் இருந்த கொஞ்சத்தை யாருக்குக் கொடுப்பது? கிறித்துவ ஊழியர்களின் வானொலித் தொடர்பு வழியாக எந்தெந்த ஊரில் அம்மை இருக்கிறது என்று மாலையில் விசாரித்து, வரைபடத்தில் குறித்தார். நோயாளியைச் சுற்றியிருந்தவர்களுக்கும், நோய் அடுத்துப் போகக்கூடிய சந்தை ஊர்களுக்கும் மட்டும் போட்டார். பாதிப் பேருக்குக்கூடப் போடாமலே நோய் நின்றது. அடுத்த ஜூலையில் அதே மண்ணில் பியாஃப்ரா போர் மூண்டது.

நின்றதன் காரணம் நோயின் இயல்பிலேயே இருந்தது. பெரியம்மை மனிதரை விட்டு வேறெந்த உயிரிலும் தங்காது. முத்து போடாத நோயாளி நோயைப் பரப்புவது அரிது. முத்து முகத்திலேயே தெரியும். தொற்று உடலில் புகுந்து நோயாக வெளிப்பட ஏறக்குறைய 12 நாள் ஆகும். தொற்றிய நான்கு நாளுக்குள் அம்மை குத்தினாலும் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். நோயாளியை உரிய நேரத்தில் கண்டுபிடித்துச் சுற்றிலும் வேலி போட்டுவிட்டால் அதற்குப் போக்கிடம் கிடையாது. நம் சென்னையில், தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையில் டாக்டர் ஏ. ராமச்சந்திர ராவும் அவருடைய குழுவினரும் நோய் புகுந்த 254 குடும்பங்களை ஆராய்ந்து 1968இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே வீட்டுக்குள் அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படிப் பரவுகிறது என்பதையே விரிவாகப் பார்த்தது. அந்தப் பெயர் தமிழ்நாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்தியாவில் 1962 முதல் எல்லாருக்கும் குத்துவதே திட்டமாக இருந்தது. கோடிக்கணக்கில் குத்தினார்கள். குத்தியவர்களுக்கே மறுபடி குத்திக் கணக்கை நிரப்பியதும் உண்டு. நோய் அசையவில்லை. 1973இல்தான் வீடுவீடாகத் தேடுவது என்று முறை மாறியது. தேடத் தேட எண்ணிக்கை ஏறியது, ஏனென்றால் அதுவரை கணக்கில் வராதவர்களெல்லாம் கணக்கில் வந்தார்கள். 1974இல் இந்தியாவில் பதிவான நோயாளிகள் 1,88,000க்கும் மேல். மிக மோசமான இடம் பீகார். அந்த மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். 8ஆம் தேதி ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கியது. 18ஆம் தேதி பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை. பீகாரிலோ வாரத்துக்கு ஆயிரக்கணக்கில் புது நோயாளிகள். பாடநூலில் முதல் இரண்டும் இருக்கின்றன. மூன்றாவது இல்லை.

பீகார் அமைச்சர் பொறுமை இழந்து, பழையபடி எல்லாருக்கும் குத்துவோம் என்று ஒரு கூட்டத்தில் சொன்னார். அப்போது ஓர் இந்திய மருத்துவர் எழுந்து, எங்கள் ஊரில் ஒரு வீடு தீப்பிடித்தால் எரிகிற வீட்டில்தான் தண்ணீர் ஊற்றுவோம், எல்லா வீட்டுக் கூரையிலும் ஊற்றிக்கொண்டிருக்க மாட்டோம் என்ற பொருள்படப் பேசினாராம். அமைச்சர் மேலும் ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார். அந்த ஒரு மாதம் போதுமானதாக இருந்தது. இதை எழுதிவைத்தவர் அங்கே இருந்த ஃபேகி.

ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் கிராமம் கிராமமாகப் போனார்கள். கையில் ஓர் அட்டை. அதில் முத்து வார்த்த குழந்தையின் படம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் காட்டினார்கள், சந்தையிலும் தேநீர்க் கடையிலும் காட்டினார்கள். 'இந்த மாதிரி யாருக்காவது இருக்கிறதா?' பெரியவர்கள் அம்மைத் தெய்வமான சீதளா தேவிக்குப் பயந்து மறைத்ததைப் பிள்ளைகள் சொன்னார்கள். நோயாளி கிடைத்ததும் அந்த வீட்டு வாசலில் உள்ளூர்க்காரர்களையே முறைவைத்து இரவும் பகலும் காவலுக்கு உட்கார வைத்தார்கள். படி ஏறுகிறவருக்கு முதலில் குத்து, பிறகுதான் உள்ளே. நோயாளியைக் காட்டிக்கொடுத்தால் 50 ரூபாய் என்று தொடங்கிய பரிசு, நோயாளிகள் குறையக் குறைய ஏறி, கடைசியில் 1,000 ரூபாய் ஆனது.

இதில் பலாத்காரமும் இருந்தது. இரவில் ஊரை வளைத்து, கதவை உடைத்து, திமிறியவர்களை அழுத்திப் பிடித்துக் குத்தியதைப் பால் கிரீனோ என்ற வரலாற்றாசிரியர் ஆவணங்களோடு எழுதியிருக்கிறார். வெற்றி பெரிது என்பதற்காக அதை மறைக்கக் கூடாது. பொறுமையாகப் பேசியிருந்தால் திறந்திருக்கக்கூடிய கதவுகள் அவை என்றே நான் நினைக்கிறேன். இன்னொன்றையும் இங்கேயே தெளிவாக்கிவிடுகிறேன். இந்தியாவின் கடைசி நோயாளி, அசாமின் கரீம்கஞ்ச் ரயில் நிலைய நடைமேடையில் இருந்த ஒரு பிச்சைக்காரப் பெண். அவருக்கு நோய் கண்டது 1975 மே 24. நெருக்கடி நிலை வந்தது ஜூன் 25. பெரியம்மையை ஒழித்தது நெருக்கடி நிலைதான் என்று சொல்வோர் இந்தத் தேதிகளைப் பார்க்க வேண்டும்.

போர் இந்த வேலையை எப்படிக் குலைத்தது என்பதற்கு வங்கதேசம் சாட்சி. 1970இலேயே அந்த நிலப்பகுதியில் பெரியம்மை நின்றுவிட்டது. 1971 போரில் இந்தியாவுக்கு ஓடிவந்த அகதிகள் கல்கத்தா அருகே உப்பு ஏரி முகாமில் அடைபட்டார்கள். அங்கே அம்மை பரவியிருந்ததை, அமெரிக்காவில் தொலைக்காட்சிச் செய்தி பார்த்துக்கொண்டிருந்த ஒரு தொற்றுநோயியல் வல்லுநர் திரையில் கண்டே கண்டுகொண்டார். அதற்குள் மக்கள் நாடு திரும்பத் தொடங்கிவிட்டார்கள்; நோயும் கூடவே போனது. மறுபடி அங்கிருந்து அதை விரட்ட 1975 அக்டோபர் ஆயிற்று. ஆசியாவின் கடைசி நோயாளி, போலா தீவில் ஒரு சிறு பெண் குழந்தை. தகவல் சொன்னதும் ஒரு சிறுமிதான். அவளுக்கும் பரிசு கிடைத்தது.

இயற்கையாக நோய் கண்ட உலகின் கடைசி மனிதர் சோமாலியாவில் மெர்கா நகர மருத்துவமனைச் சமையல்காரர் அலி மாவ் மாலின். 1977 அக்டோபரில், ஒகாடென் போர் நடந்துகொண்டிருந்தபோது, இரண்டு நோயாளிகள் வந்த வண்டியில் ஏறி வழி காட்டினார். சில நிமிடப் பயணம். குத்தினால் வலிக்கும் என்று பயந்து அம்மை குத்திக்கொள்ளாமல் இருந்தவர் அவர். பிழைத்தார். 1980 மே 8 அன்று ஜெனீவாவில் உலக சுகாதாரப் பேரவை, பெரியம்மை ஒழிந்தது என்று அறிவித்தது. 13 ஆண்டு வேலைக்கு எல்லா நாடுகளும் சேர்ந்து செலவழித்தது சுமார் 30 கோடி டாலர்.

ஒழித்த கைகள் எல்லாம் சுத்தமானவை என்று சொல்ல முடியவில்லை. ஏழை நாடுகளுக்கு மருந்தை வாரிக் கொடுத்த சோவியத் அரசே பெரியம்மைக் கிருமியை ஆயுதமாகப் பெருக்கி வைத்திருந்ததை, அந்த வேலையில் இருந்து பின்னர் அமெரிக்காவுக்குப் போய்விட்ட விஞ்ஞானி கென் அலிபெக் வெளியிட்டார். இன்றும் அட்லாண்டாவிலும் ரஷ்யாவின் கோல்ட்சோவோவிலும் அந்தக் கிருமியை உறைநிலையில் வைத்திருக்கிறார்கள். அழித்துவிட வேண்டும் என்ற பேச்சு பல முறை எழுந்து தள்ளிப்போயிருக்கிறது. என்னைக் கேட்டால் அழிக்க வேண்டும்.

மாலின் பின்னாளில் தம் நாட்டில் போலியோ ஒழிப்பு ஊழியரானார். தடுப்பு மருந்துக்குத் தயங்கிய தாய்மார்களிடம் தம் கதையைச் சொல்லியே சம்மதிக்க வைத்தார். 2013இல் அந்தப் பணியில் இருக்கும்போதே மலேரியா கண்டு இறந்தார்.

அவர் பெயர் நமக்குத் தெரிகிறது. பீகாரில் வெயிலில் நடந்த லட்சம் பேரின் பெயர்களை ஒரு நூலிலும் நான் பார்க்கவில்லை. நம் ஊர்த் தெருக்களில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அம்மை குத்தியவர்களின் பெயர்களும் அப்படியே. உங்கள் வீட்டில் 70 வயதைத் தாண்டியவர்கள் இருப்பார்கள். இன்றிரவே கேளுங்கள்: யார் வந்து குத்தினார், எங்கே உட்கார வைத்தார், யார் ஓடி ஒளிந்தது, எந்த வீட்டில் யார் போனது. ஆளின் பெயர் நினைவிருந்தால் பெயரையும் ஊரையும் ஒரு தாளில் எழுதி இந்த அறக்கட்டளைக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவு நூலின் பின்பக்கங்களில் அவற்றை அச்சிட வேண்டும் என்று அறக்கட்டளைப் பொறுப்பாளர்களை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.