கடலை நம்பிப் பிழைக்கலாமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வீட்டில் ஒரு பிள்ளை "டாக்டராகப் போகிறேன்" என்றால் பாட்டி திருஷ்டி சுற்றிப் போடுவார். "வக்கீலாகப் போகிறேன்" என்றால் அப்பா பார்ப்பவரிடமெல்லாம் சொல்லி மகிழ்வார். அதே பிள்ளை, "பாய்மரப் படகு ஓட்டப் போகிறேன், அதுதான் என் தொழில்" என்று சொன்னால் என்ன நடக்கும்? "படகு விடுவதெல்லாம் ஒரு வேலையா? சோறு போடுமா?" என்று அப்பா கேட்பார். அம்மா ஒன்றும் பேசாமல் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

அந்தக் கேள்வியில் தவறு ஒன்றுமில்லை. ஆசை வேறு, பிழைப்பு வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக் கடலிலேயே வாழ்ந்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். ஆசையால் மட்டும் புறப்பட்டு அழிந்தவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எங்கே வேறுபட்டார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால், பெற்றோரும் பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து தெளிவாகப் பேசலாம்.

கடல் நம்மவருக்கு அந்நியம் என்று எண்ணிவிட வேண்டாம். மலாய் மொழியில் கப்பலுக்குப் பெயர் 'காப்பால்'. அது தமிழ்ச் சொல்லிலிருந்து போனது. இரட்டை உடல் கொண்ட படகை உலகமே 'கட்டமரான்' என்கிறது. அது நம் கட்டுமரம்தான். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிங்கப்பூர் ஆற்றில் சரக்குப் படகு ஓட்டிப் பிழைத்தவர்களில் சூலியர்கள் பலர். சொல்லும் தொழிலும் நம்மிடம் இருந்தவைதாம்.

ஒன்பது பேர் புறப்பட்டார்கள்

1968ஆம் ஆண்டு லண்டன் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகை ஒரு போட்டியை அறிவித்தது. தனி ஆளாக, எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல், உலகைப் பாய்மரப் படகில் சுற்றிவர வேண்டும். முதலில் திரும்புபவருக்குத் தங்க உருண்டைக் கோப்பை. மிகக் குறைந்த நாளில் முடிப்பவருக்கு 5,000 பவுண்டு. ஒன்பது பேர் புறப்பட்டார்கள். பயணத்தை முடித்தவர் ஒரே ஒருவர். அவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன்.

அவர் பணக்கார வீட்டுப் பிள்ளை அல்லர். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு வணிகக் கப்பலில் சேர்ந்து படிப்படியாக அதிகாரியானவர். 'சுஹைலி' என்ற அவருடைய 32 அடி தேக்குமரப் படகு பம்பாயில், நம் ஊர்த் தச்சர்கள் கையால் கட்டப்பட்டது. அதில் பம்பாயிலிருந்து இங்கிலாந்து போகும் வழியில் கைக்காசு தீர்ந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவில் இறங்கி வேலை பார்த்துச் சம்பாதித்துக்கொண்டு மீண்டும் புறப்பட்டார். போட்டிக்கென்று பெரிய படகு கட்டப் பணம் தேடியும் கிடைக்கவில்லை. இருந்த சின்னப் படகிலேயே 1968 ஜூன் 14ஆம் தேதி கிளம்பினார்.

பயணம் சுகமாக இருக்கவில்லை. அட்லாண்டிக் கடலில் படகின் அடிப்பலகை இடுக்கு வழியாக நீர் கசிந்தது. கடலில் குதித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நீருக்கடியில் பஞ்சு திணித்து அடைத்தார். நடுவில் ஒரு சுறா வட்டமிட்டது. மேலே ஏறி அதைச் சுட்டுவிட்டு மறுபடி இறங்கி வேலையை முடித்தார். தொட்டியில் இருந்த குடிநீர் கெட்டுப்போனது. மழைநீரைப் பிடித்துக் குடித்தார். வானொலி பழுதானது. தானாகச் சுக்கான் பிடிக்கும் கருவியும் உடைந்தது. பாய்களைச் சரிபார்த்துக் கட்டியே படகை நேரே ஓட வைத்தார். 312 நாள் கழித்து, 1969 ஏப்ரல் 22ஆம் தேதி ஃபால்மத் துறைமுகத்தை அடைந்தார்.

இத்தனையிலும் அவரைக் காத்தது எது? துணிச்சல் என்று சொல்வது எளிது. ஆனால் துணிச்சல் கசிவை அடைக்காது. பஞ்சை எங்கே, எப்படித் திணிப்பது என்று அறிந்த கைதான் அடைக்கும். பம்பாயிலிருந்து ஓட்டி வந்த அந்தப் படகின் ஒவ்வொரு பலகையும் அவருக்கு அத்துப்படி. புறப்படும்போது அவர் கப்பல் தொழிலில் பத்தாண்டுக்கு மேல் ஊறியிருந்தார்.

திரும்பும் வழியை அடைத்தவர்

அதே போட்டியில் டோனால்ட் குரோஹர்ஸ்ட் என்றொருவர் கலந்துகொண்டார். படகுகளுக்கான மின்னணுக் கருவிகள் செய்து விற்ற சிறுதொழில்காரர். வார இறுதியில் படகு ஓட்டுபவர். மனைவி, நான்கு பிள்ளைகள். தொழிலில் நொடிப்பு. போட்டியில் வென்றால் பெயரும் வரும், கருவிகளும் விற்கும், கடனும் தீரும் என்று கணக்குப் போட்டார். படகு கட்டப் பணம் கொடுத்தவரோடு ஓர் ஒப்பந்தம் செய்தார். பயணம் நடக்காமல் போனால் படகை அவரே திருப்பி வாங்க வேண்டும். வீடும் அடமானத்துக்குப் போனது.

படகு முழுதாகத் தயாராகவில்லை. விதிப்படி கடைசி நாளான 1968 அக்டோபர் 31ஆம் தேதி அரைகுறையாகப் புறப்பட்டார். சில வாரங்களிலேயே தெரிந்துவிட்டது, தெற்குப் பெருங்கடலின் அலைகளை இந்தப் படகு தாங்காது. முன்னே போனால் உயிர் போகும். திரும்பினால் வீடு போகும். மூன்றாவதாக ஒரு வழியைத் தேடினார். அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதாக வானொலியில் பொய்யான தகவல் அனுப்பினார்.

அந்தப் பொய் இன்னொருவரையும் மூழ்கடித்தது. நைஜல் டெட்லி என்ற கடற்படை அதிகாரி உண்மையாகவே முக்கால் பங்குக்கு மேல் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தார். குரோஹர்ஸ்ட் பின்னால் நெருங்கி வருவதாக நம்பி, பழுதடைந்த படகை விரட்டினார். 1969 மே மாதம் படகு உடைந்து மூழ்கியது. நல்லவேளையாக அவர் மீட்கப்பட்டார்.

இப்போது பணப் பரிசு குரோஹர்ஸ்டுக்குத்தான் வரும்போல் இருந்தது. பரிசு வந்தால் அவருடைய பயணக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்ப்பார்கள். ஊரே வரவேற்கக் காத்திருக்கிறது. அந்தப் பாரத்தை அவர் மனம் தாங்கவில்லை. 1969 ஜூலை 10ஆம் தேதி அவருடைய படகு நடுக்கடலில் ஆளில்லாமல் மிதந்தது. அவர் உடல் கிடைக்கவேயில்லை.

அந்த 5,000 பவுண்டும் நாக்ஸ்-ஜான்ஸ்டனுக்கு வந்தது. அவர் அதை அப்படியே குரோஹர்ஸ்ட் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். கடலில் தனியாகக் கிடந்தவனின் வேதனை இன்னொரு கடலோடிக்குத்தானே தெரியும்!

நேயர்களே, குரோஹர்ஸ்ட் கெட்டவர் அல்லர், அறிவு குறைந்தவரும் அல்லர். கரையில் கையெழுத்திட்டபோதே திரும்பி வரும் வழியை அடைத்துவிட்டார், அவ்வளவுதான். "இந்தப் படகு சரியில்லை, திரும்பி வருகிறேன்" என்று சொல்லும் உரிமை இல்லாதவன் கடலுக்குப் போகக்கூடாது. படகோட்டிக்கு மிதவைச் சட்டையைவிட முக்கியமானது அந்த உரிமை.

அண்மையில் இருப்பவர்கள்

நம் வட்டாரத்துக்கு வருவோம். 1999 பிப்ரவரி 2ஆம் தேதி மலேசியாவின் அஸார் மன்சோர், தேசியக் கொடியின் பெயரான 'ஜாலூர் கெமிலாங்' என்பதையே தம் படகுக்கும் சூட்டி, லங்காவியிலிருந்து தனியாகப் புறப்பட்டார். வழியில் பாய்மரம் முறிந்தது. அதையும் சமாளித்து உலகைச் சுற்றி, 190 நாளில், ஆகஸ்ட் 11ஆம் தேதி லங்காவிக்கே திரும்பினார். அன்று நாடே அவரைத் தன் வீட்டுப் பிள்ளையாகக் கொண்டாடியது.

இந்தியக் கடற்படையின் திலீப் டோண்டே, கோவாவில் ரத்னாகர் தண்டேகரின் பட்டறையில் 'மாதே' படகு கட்டப்பட்டபோதே கூடமாட நின்று வேலை கற்றார். பிறகுதான் 2009-10இல் நான்கு இடங்களில் தங்கி உலகைத் தனியே சுற்றிவந்தார். அவருக்குக் கரையிலிருந்து உதவிய இளம் கடற்படை விமானி அபிலாஷ் டோமி. கேரளத்தைச் சேர்ந்தவர். மூத்தவருக்குக் கைவேலை செய்து கற்றவர், 2012 நவம்பரில் அதே படகில் மும்பையிலிருந்து கிளம்பி, எங்கும் நிற்காமல் 151 நாளில் திரும்பினார்.

கதை அத்தோடு முடியவில்லை. 2018இல் பழைய தங்க உருண்டைப் போட்டி, பழைய முறையிலேயே மீண்டும் நடத்தப்பட்டது. நாக்ஸ்-ஜான்ஸ்டனின் 'சுஹைலி'யைப் போலவே கோவாவில் கட்டிய 'துரியா' படகில் டோமி போனார். செப்டம்பர் 21ஆம் தேதி தென் இந்தியப் பெருங்கடலில் புயல் அவர் படகைப் புரட்டிப் போட்டது. பாய்மரம் முறிந்தது, அவருடைய முதுகெலும்பும் முறிந்தது. அசைய முடியாமல் படுக்கையிலேயே மூன்று நாள் கிடந்தார். ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்து காப்பாற்றியது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு நடக்கவே புதிதாகப் பழக வேண்டியிருந்தது.

அவர் 2022இல் மறுபடியும் அதே போட்டிக்குப் போனார். 236 நாள் கடலில் இருந்து, 2023 ஏப்ரல் 29ஆம் தேதி இரண்டாவதாக வந்து சேர்ந்தார்.

அவருக்கு முன்னால் வந்து முதல் பரிசைப் பெற்றவர் ஒரு பெண். தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர். போட்டிக்கு முன் அவர் பார்த்த வேலை என்ன தெரியுமா? படகு வாங்கியவர்களின் துறைமுகத்துக்கு அதை ஓட்டிக்கொண்டுபோய்ச் சேர்ப்பதும், பயணிகளைப் பனிக்கடல் பக்கம் படகில் அழைத்துச் செல்வதும்தான். போட்டியின் நடுவில் சக போட்டியாளர் ஒருவரின் படகு மூழ்கிவிட்டது. தம் வழியை விட்டு விலகிப்போய், உயிர்காப்பு மிதவையில் கிடந்த அந்தப் பின்லாந்துக்காரரைத் தேடிப் பிடித்துத் தம் படகில் ஏற்றிக்கொண்டார். வழியில் வந்த கப்பலில் அவரை ஏற்றிவிட்டுத் தம் ஓட்டத்தைத் தொடர்ந்தார். அப்படியும் வென்றார்!

சோறு போடுமா?

இனி அப்பாவின் கேள்விக்கு வருவோம். உலகைச் சுற்றிவருவது தொழில் ஆகாது. அதைச் செய்தவர்கள் எல்லாரும் வேறொரு தொழிலால் வயிற்றை வளர்த்தவர்கள். ஒருவர் வணிகக் கப்பல் அதிகாரி, ஒருவர் கடற்படை விமானி, ஒருவர் கூலிக்குப் படகு ஓட்டியவர். நாக்ஸ்-ஜான்ஸ்டன் பின்னாளில் சாதாரண மக்களுக்குப் பயிற்சி தந்து உலகைச் சுற்ற வைக்கும் 'கிளிப்பர்' போட்டியை நிறுவினார். அதன் முதல் ஓட்டம் 1996இல் நடந்தது. ஆசை அங்கேதான் நிறுவனமாக மாறியது.

கடலைச் சுற்றி வேலைகள் உண்டு. உல்லாசப் படகின் தலைவர், என்ஜின் பழுது பார்ப்பவர், பாய் தைப்பவர், பாய்மரமும் கயிறும் கட்டுபவர், படகு கட்டும் தச்சர், காப்புறுதிக்காகப் படகைச் சோதிப்பவர், பயிற்சி ஆசிரியர் என்று பட்டியல் நீளும். வணிகக் கப்பலுக்குப் போக விரும்புவோருக்கு மலாக்காவில் மலேசியக் கடல்சார் கல்விக்கழகம் இருக்கிறது. சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் கடல்சார் கல்வி இருக்கிறது. பாய்மரப் படகுத் தலைவர்களுக்குப் பல நாடுகளில் மதிக்கப்படும் பிரிட்டனின் 'யாட்மாஸ்டர்' தேர்வில், கரையிலிருந்து தள்ளிப் போகும் நிலைக்கு உட்காரவே குறைந்தது 50 நாள் கடல் அனுபவமும் 2,500 கடல் மைல் ஓட்டமும் கேட்பார்கள். பணம் கட்டினால் மட்டும் கிடைக்கிற சான்றிதழ் அல்ல.

இதன் விலையையும் மறைக்கக்கூடாது. தனியே ஓட்டுபவருக்கு முழு இரவுத் தூக்கம் கிடையாது. உப்புநீர் பட்டுத் தோல் புண்ணாகும். தீபாவளிக்கு வீட்டில் இலை போடும்போது அவர் எங்கோ நங்கூரம் பாய்ச்சியிருப்பார். குழந்தை பிறந்த செய்தி வானொலியில்தான் வரும். படகு நின்றாலும் செலவு நிற்காது. துருவும் பாசியும் விடுமுறை எடுப்பதில்லை.

ஆகவே, பிள்ளை கேட்கும்போது "கூடாது" என்று கதவை அடைக்க வேண்டாம். "சரி, போ" என்று கடன் வாங்கிப் படகு வாங்கித் தரவும் வேண்டாம். முதலில் நீச்சல். பிறகு சின்னப் படகு. அதன்பின், மற்றவர் படகில் கைவேலைக்குப் போகட்டும். தேய்க்கட்டும், சாயம் பூசட்டும், என்ஜினைக் கழற்றி மாட்டட்டும். ஈராண்டு அந்த அழுக்கில் கிடந்தும் ஆசை குறையவில்லை என்றால், அது தொழிலாகத் தேறும். குறைந்துவிட்டால், கற்ற கைவேலை கரையிலும் சோறு போடும். எந்த நாளிலும் அவன் திரும்பி வரலாம் என்ற வழி மட்டும் திறந்திருக்கட்டும்.

சிங்கப்பூரின் சாங்கி முனையில், புலாவ் உபின் போகும் மரப்படகுகளைப் பலர் பார்த்திருப்பீர்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் புறப்படும். ஓட்டுபவர்களில் வயதானவர்களே அதிகம். அடுத்த முறை போகும்போது பிள்ளைகளைப் படகின் பின்பக்கம் உட்கார வையுங்கள். அந்தப் பெரியவர் சுக்கானைப் பிடிக்கும் விதத்தையும், நீரோட்டம் பார்த்துப் படகைத் துறையில் ஒட்டும் விதத்தையும் அவர்கள் பார்க்கட்டும். இறங்கும்போது அவருக்கு ஒரு வணக்கம் சொல்லச் சொல்லுங்கள். படகு விடுவது ஒரு வேலையா என்ற கேள்விக்கு, வாழ்நாள் முழுதும் பதில் சொல்லிக்கொண்டிருப்பவர் அவர்.