துப்பாக்கி பிடிச்ச மாப்பிள்ளை வேண்டாம்

போர்க்காலக் காதல் கதைன்னதும் 'காசாபிளாங்கா'வுக்கு ஓடாதீங்க. நம்மகிட்டயே ஒண்ணு இருக்கு. ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்', 1959-ல வந்த நாவல். 'புயலிலே ஒரு தோணி'யைத் தலையில தூக்கி வச்சுக் கொண்டாடுறவங்ககூட இதை அவ்வளவா பேசுறதில்லை.

கதை நடக்குறது பினாங்குல. வயிரமுத்துப் பிள்ளை வட்டிக்கடை முதலாளி. கடைப்பையன் செல்லையாவுக்கும் முதலாளி மகள் மரகதத்துக்கும் காதல். நடுவுல யுத்தம். செல்லையா நேதாஜியோட இந்திய தேசிய ராணுவத்துல சேர்ந்துடுறான். 1945-ல ஜப்பான் சரணடைஞ்சதும் படை கலையுது, அவன் திரும்பி வர்றான்.

இனிமே கல்யாணம்தானேன்னு நினைச்சேன். இல்லை! யுத்தம் பிரிக்காத காதலை, யுத்தம் முடிஞ்ச பிறகு கடைக் கல்லாப்பெட்டி பிரிக்குது. பட்டாளத்துக்குப் போனவன் இனி கடைக்கு ஆகமாட்டான், இது அந்தப் பெரியவரோட கணக்கு. அவரை வில்லன்னு சொல்லவும் மனசு வரல. கடையைக் காப்பாத்த ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான். பொண்ணை நாகலிங்கத்துக்குப் பேசி முடிக்கிறார்.

தூத்துக்குடியில இருந்து படிக்கிறப்போ அந்தக் கடை எனக்கு அந்நியமாவே தெரியல. இந்தப் பக்கத்துல இருந்து கொழும்புக்குப் போய்க் கடை வச்சவங்க எத்தனை பேர்! கடல் தாண்டினாலும் பேரேடும் கல்யாணமும் ஊர் வழக்கப்படிதான். தோணியில அதையும் ஏத்திட்டுத்தான் போயிருக்காங்க.

எனக்குக் கோபம் வந்த இடம் வேற. உடைஞ்சுபோன செல்லையாவுக்கு ஆறுதல் சொல்ல மாணிக்கம்னு ஒரு நண்பன் இருக்கான். சிலப்பதிகாரத்தையே எடுத்து வச்சுப் பேசுறான், கண்ணகி, மாதவின்னு. அருமையான பேச்சு. நமக்குச் சிலம்புன்னாலே கோப்பெருந்தேவியோட முத்துப் பரல்தானே ஞாபகம் வரும்? கொற்கை இந்தா பக்கத்துலதான இருக்கு!

சரி, மரகதத்துக்கு யார் பேசினா? அவகூட உட்கார்ந்து காவியம் அலச ஒரு தோழிகூடக் கிடையாது. செல்லையாவுக்குக் கடல் இருக்கு, வேற ஊர் இருக்கு. அவளுக்கு அதே வீடு, அதே அப்பா. பேசாம ஓடிப்போயிருக்கலாமேன்னு கேப்பீங்க. நானும் கேட்டேன். ஆனா எங்க ஓட? ஊரும் கப்பல் தூரம்.

சின்னப் புத்தகம்தான், ஒரு ஞாயித்துக்கிழமை போதும். மரகதம் வர்ற பக்கங்களை மட்டும் கொஞ்சம் மெதுவாப் படிங்க.