எல்லார் கையிலும் கமெரா



கைத்தொலைபேசிக் கமெரா செய்திப் படங்களை எப்படி மாற்றியது என்று இந்த மாதம் பேசச் சொன்னார்கள். இருபது வருடமாகத் தொலைபேசி திருத்தும் கடையில் நிற்கிறவன் என்றபடியால் என்னைப் பிடித்திருக்கிறார்கள் போலும்.

1983 யூலை என்றதும் எங்களில் பலருக்கு நினைவு வருவது ஒரு படம். பொரளை பஸ் நிலையத்தில் ஆடை உரியப்பட்ட ஒரு தமிழ் இளைஞன், பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்பவர்கள். கமெரா வைத்திருந்த ஒரு பத்திரிகைப் படப்பிடிப்பாளர் அங்கே நின்றதால்தான் அந்தப் படம் எங்களிடம் உண்டு. எத்தனையோ வேறு தெருக்களில் நடந்ததற்கு வாய்ச்சாட்சி மட்டுந்தான்.

2005 யூலை 7 இல் லண்டனில் குண்டுகள் வெடித்தபோது நிலைமை வேறு. சுரங்க ரயிலில் இருந்து இறங்கி இருட்டில் நடந்து வந்த பயணிகளே படம் எடுத்தார்கள். முதல் 6 மணித்தியாலத்தில் பி.பி.சி.க்கு வந்து சேர்ந்த ஒளிப்படங்கள் 1,000 இற்கும் மேல். அன்று செய்தியாளர் போக முடியாத இடத்திலிருந்து சனங்களே செய்தி அனுப்பினார்கள்.

பிறகு 2009. கண்கள் கட்டப்பட்ட, ஆடையற்ற ஆண்கள் சுட்டுக் கொல்லப்படும் வீடியோவைச் சனல் 4 ஆகஸ்ட் 25 இல் ஒளிபரப்பியது. லண்டன் படங்களை எடுத்தவர்கள் தப்பி வந்தவர்கள். இதை எடுத்தவன் சுட்டவர்களோடு நின்றவன். இந்த வித்தியாசத்தை நாங்கள் போதிய அளவு பேசவில்லை என்பது என் எண்ணம். தன் தோழர்களுக்குக் காட்ட எடுத்த படம், அவர்களுக்கே எதிரான சாட்சியாக வந்து நின்றது.

இலங்கை அரசு அது பொய் என்றது. ஐ.நா.வின் விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் மூன்று நிபுணர்களிடம் கொடுத்துப் பார்த்தார்: ஒருவர் உடற்கூற்று மருத்துவர், ஒருவர் வீடியோ ஆய்வாளர், ஒருவர் துப்பாக்கி நிபுணர். வீடியோ உண்மையானதாகவே தெரிகிறது என்று 2010 ஜனவரியில் அவர் அறிவித்தார். ஆனால் விளக்க முடியாத சில விடயங்களையும் மறைக்காமல் சொன்னார். அதிலொன்று, கோப்புக்குள் பதிந்திருந்த 2009 யூலை 17 என்ற திகதி. போர் மே மாதத்திலேயே முடிந்துவிட்டது. மணிக்கூடு பிழையாக இருந்தாலும் இப்படி வரலாம், பிரதி எடுக்கும்போதும் வரலாம். கடையில் தினமும் பார்க்கிற விசயம்தான். ஆனாலும் மறுப்பவனுக்கு அந்த ஒரு திகதி போதும்.

இப்போது நேரலை. 2016 யூலை 6 இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு பொலிஸ்காரர் காருக்குள் இருந்த பிலாண்டோ காஸ்டீலைச் சுட்டார். பக்கத்தில் இருந்த துணைவி உடனே முகநூலில் நேரலையாகக் காட்டினார். அந்தத் துணிச்சலை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. அதே வசதியைத்தான் 2019 மார்ச் 15 இல் கிறைஸ்ற்சேர்ச் பள்ளிவாசலில் சுட்டவனும் பாவித்தான். நேரலையில் அதைப் பார்த்தது 200 இற்கும் குறைவான தடவைகள். முதல் 24 மணித்தியாலத்தில் அழித்த பிரதிகளோ 15 இலட்சம் என்று முகநூல் நிறுவனமே சொன்னது. பரப்பியது பார்த்த சனங்கள்தான்.

என் கடைக்கு வரும் வயதான அம்மாமார் சிலர், 2009 இல் உறவுகள் அனுப்பிய படங்கள் உள்ள பழைய தொலைபேசிகளைச் சீலையில் சுற்றிக் கொண்டுவருகிறார்கள். பிள்ளைகள் ஏற்கெனவே வட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பியிருப்பார்கள். அப்படிச் சாதாரணமாக அனுப்பும்போது படம் சுருங்கும், எடுத்த திகதியும் இடமும் கழன்றுவிடும். காணாமற்போன ஒருவருக்காக நாளைக்கு ஒரு வழக்கறிஞர் கேட்பது முதற்கோப்பைத்தான். ஆகவே தொலைபேசியை எறியாதீர்கள், அதில் ஒன்றையும் திருத்தாதீர்கள். யார் அனுப்பினார், எப்போது வந்தது என்று ஒரு கடதாசியில் எழுதிக் கூடவே வையுங்கள்.

சார்ஜர் தொலைந்துவிட்டதென்றால் கடைப்பக்கம் வாருங்கள். பழைய நோக்கியா சார்ஜர்கள் ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறேன்.