நடுகல் இல்லாத வீரர்க்கு நம் நன்றி



போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு, பெயரும் பீடும் பொறித்து வழிபட்டது நம் தமிழ் மரபு. இம்மண்ணிலும் அத்தகைய கல்லொன்று எழுந்தது. இந்திய தேசிய இராணுவத்தின் பெயரறியா வீரர்க்காக, 1945 ஜூலை 8ஆம் நாள் எஸ்பிளனேடில் நேதாஜி அடிக்கல் நாட்டினார். 'ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம்' என்பன அதில் பொறிக்கப்பெற்ற சொற்கள். அவ்வாண்டு செப்டம்பரிலேயே, மீண்டு வந்த பிரிட்டிஷ் படை அதனைத் தகர்த்தது. அவ்விடத்தில் நினைவுப் பலகை அமைய 1995 வரை காத்திருக்க நேர்ந்தது.

அவ்வீரர் யாவர்? அவருள் பலர் மலாயாத் தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழர். ஜான்சிராணிப் படையில் தோட்டத்துப் பெண்களும் துப்பாக்கி ஏந்தினர். இந்தியாவையே கண்டிராத பிள்ளைகளும் அதன் விடுதலைக்காகப் பர்மா எல்லைக்குப் புறப்பட்டனர்.

இத்தீவைக் காக்க 1942இல் எதிரணியில் நின்று மடிந்த இந்தியச் சிப்பாய்களின் பெயர்கள் கிராஞ்சி நினைவகத்தில் உள்ளன. தோட்டத்திலிருந்து சென்று திரும்பாதோர் பலரின் பெயரோ எக்கல்லிலும் இல்லை. வீட்டார் நினைவே அவர்க்கு நடுகல்.

அன்பர்களே, 1967 முதல் நம் இல்லத்துப் பிள்ளைகளும் தேசிய சேவை ஆற்றி வருகின்றனர். முகாம் செல்லும் மகனுக்கு அம்பாள் சன்னிதியில் அர்ச்சனை செய்கிறோம். அதுபோல், ஆடி அமாவாசையன்று எள்ளும் நீரும் இறைக்கையில், போருக்குச் சென்ற பாட்டனார் பெயரையும் சொல்லுங்கள். அப்பெயரைப் பேரப்பிள்ளைகளுக்கும் கற்பியுங்கள்.

அன்னையின் திருவருள் அனைவர்க்கும் கிட்டுவதாக.